வெட்டிக் கொடுத்த எட்டு மாத்திரைகள்

பதினேழு வருஷத்தில் என் மருந்துக் கடைக்கு நான் விட்ட மிக நீளமான விடுமுறை ஒன்றரை நாள். அதுவும் பல் பிடுங்கியதற்காக. அதனால் ஏழு நாள் வெளிநாட்டுச் சுற்றுலா என்று என் வீட்டுக்காரர் விமான டிக்கெட்டை நீட்டியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, யார் யாருக்கு என்ன மருந்து தீரும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

"ஒரு வாரம் மூடினா ஒண்ணும் குடி முழுகிடாது," என்றார் அவர். அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். அவர் லீவு போட்டால் மேஜைமேல் இருக்கிற வரைபடம் அப்படியே அசையாமல் கிடக்கும். என் பிழைப்பு அப்படியா? ஆனாலும், பாவம், இருபது வருஷமாகப் பிறத்தியார் நிலத்தையே கோடு போட்டுக்கொண்டிருக்கிற மனுஷன், ஒரு தடவையாவது பனிமலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று தலையாட்டிவிட்டேன்.

கிளம்புகிற சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கல்யாண வீட்டுக் கூட்டம். ஒரு வாரம் கடை இல்லை என்று அட்டை தொங்கவிட்டதும், இத்தனை நாள் நன்றாக இருந்தவர்களுக்கெல்லாம் எங்கேயாவது வலிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த நெரிசலில்தான் வேன்காரர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு வலிப்பு உண்டு. தினம் ராத்திரி ஒரு மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது.

"இன்னிக்கு ராத்திரிக்கு வீட்டுல ஒண்ணு இருக்குக்கா. நாளையிலேருந்து எட்டு நாளைக்கு மட்டும் குடுங்க," என்றார். "அடுத்த திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட வரலைல்ல, மாத்திரையைக் குறைக்கலாம்னு சொல்லியிருக்காரு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் பாஸானது அவர்தான் என்பது மாதிரி இருந்தது.

இங்கே என் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழு அட்டை வாங்கினால் தொல்லை இல்லை. உதிரியாகக் கேட்டால், மாத்திரையின் பேரும் காலாவதித் தேதியும் அச்சடித்திருக்கிற முனையைக் கடையில் நிறுத்திக்கொண்டு, மறுமுனையை வெட்டிக் கொடுப்பேன். மிச்சத்தை விற்க வேண்டுமானால் அந்த முனை எனக்கு வேண்டும். வாங்குகிறவர் கைக்குப் போவது பேரில்லாத வெள்ளித் துண்டு. காகித உறைமேல் நான் பேனாவால் எழுதுவதுதான் அதற்கு அடையாளம்.

அன்றைக்கு அதே மேஜையில், அதே கத்தரிக்கோலால், எங்கள் பயணத்துக்கும் மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு பஸ் ஏறினாலே குமட்டும். ஏழு நாளைக்கு ஏழு, கூட ஒன்று, ஆக எட்டு. இரண்டு உறையிலும் முதலில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் போட்டேன். வெளியே வீட்டுக்காரர் டாக்சியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று, "ஃப்ளைட் என்ன உங்கப்பாவோடதா, காத்திருக்க?" என்று கத்தினார். நான் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன்.

சுற்றுலாக் கூட்டத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். எங்களை மேய்த்தவர் கையில் மஞ்சள் கொடி வைத்திருந்தார், அதனால் கொடிக்காரர். முதல் நாள் ஏரி, இரண்டாம் நாள் கோட்டை, மூன்றாம் நாள் மணிக்கூண்டு. எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தூங்கினார். பஸ்ஸில் தூங்கினார், படகில் தூங்கினார், கோட்டை வாசல் பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். விழித்திருந்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார்.

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிற. புருஷனுக்குக் குடுத்த மாத்திரை மட்டும் வேலை செய்யலை," என்று முனகினார். வயசாகிறது, பயண அலுப்பு என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். மருந்துக் கடைக்காரி நான். என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாம் நாள், புதன்கிழமை, பஸ் மலைமேல் ஏறியது. காலையில் ஒரு மாத்திரை போட்டும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னொண்ணு குடு," என்று கையை நீட்டினார். உறையைப் பிரித்து ஒன்றை அழுத்தி என் உள்ளங்கையில் தள்ளினேன். நாலு நாளும் விடியுமுன் அரையிருட்டில்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். இப்போதுதான் முதல்முறையாக வெயிலில் பார்க்கிறேன். சின்ன வெள்ளை வட்டம். நடுவில் ஒரு கோடு.

நான் இவருக்கு வெட்டிய குமட்டல் மாத்திரையில் கோடு கிடையாது. இரண்டாக உடைக்க வசதியாகக் கோடு இருந்தது வேன்காரர் மகளின் வலிப்பு மாத்திரையில்தான்.

இவர் ஏன் நாலு நாளாகத் தூங்குகிறார் என்பது புரிந்தது. அதைவிடப் பெரிய விஷயமும் உடனே புரிந்தது. இது இங்கே இருக்கிறது என்றால், அந்தக் குழந்தை ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று ராத்திரி குமட்டல் மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். வலிப்பு மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"என்னடி? குடேன்," என்றார் இவர். நான் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். தூக்கக் கலக்கத்திலும் அவருக்குக் கண் அகலமாகத் திறந்தது.

என் போன் வெளிநாட்டில் செத்த போன். ஓட்டல் வைஃபையில் மட்டும் உயிர் வரும். வேன்காரர் நம்பர் என்னிடம் இல்லை, கடை நோட்டில்தான் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்தது பக்கத்துத் தையற்கடைக்காரியின் நம்பர்தான். கொடிக்காரரிடம் ஓடினேன். மலைப்பாதையில் பஸ்ஸை நிறுத்த முடியாது, இன்னும் முக்கால் மணி நேரத்தில் கண்ணாடிப் பாலம் வந்துவிடும், அங்கே போன் பேசலாம் என்றார். "அங்கேருந்து வியூ சூப்பரா இருக்கும் மேடம்," என்று வேறு சொன்னார். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

பின் வரிசையில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருந்தார். அவர் போனில் வெளிநாட்டுச் சேவை போட்டிருந்தார் என்பது பஸ்ஸுக்கே தெரியும், தினம் மூன்று தடவை சொல்லுவார். கேட்டதும் கொடுத்தார். அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கட் பண்ணினாள். மூன்றாவது தடவையும் கட். எடுக்காமல் விட்டதற்கு அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஏதோ ஒரு நாட்டு நம்பர் வந்தால் யார் எடுப்பார்கள்? நானே எடுக்க மாட்டேன். 'நான்தான், மருந்துக்கடை, உடனே எடு' என்று செய்தி தட்டினேன். பதில் வந்தது: 'ஏமாத்துற வேலையெல்லாம் வேற யார்கிட்டயாவது வெச்சுக்கோ.'

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "குரலைப் பதிவு பண்ணி அனுப்பும்மா," என்றார். அத்தனை வருஷ வாத்தியார் உத்தியோகம் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வீண் போகவில்லை. "அடியே, நான்தான்டி பேசறேன், எடுடி!" என்று போனுக்குள் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அரை நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

"ஐயோ மருந்தக்கா, நீங்களா! நான் எவனோ திருட்டுப் பயன்னு…"

"அதை விடு. வேன்காரர் வீட்டுக்கு ஓடு. நான் குடுத்த மாத்திரையைப் பாப்பாவுக்குக் குடுக்க வேண்டாம்னு சொல்லு. ராத்திரிக்குள்ள சொல்லியாகணும்."

அங்கே அப்போது சாயங்காலம் நாலரை. அவள் கடை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. அப்புறம், "இன்னிக்கு மதியத்திலேருந்து வேன் வரலையேக்கா. பிள்ளைங்களை வேற யாரோ ஆட்டோவுல கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க," என்றாள்.

"போய்ப் பாரு. அவரை இந்த நம்பருக்குப் பேசச் சொல்லு," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கண்ணாடிப் பாலம் வந்தது. எல்லாரும் காலணிமேல் துணி உறை மாட்டிக்கொண்டு, கீழே ஆயிரம் அடி பள்ளத்தைப் பார்த்து வீல் வீலென்று கத்திச் சிரித்தார்கள். நான் அந்தத் துணி உறையைத் தொடவே இல்லை. ஹெட்மாஸ்டர் போனை என்னிடமே விட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போனார். நான் டிக்கெட் கொடுக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாற்பது நிமிஷம் கழித்து போன் அடித்தது.

"அக்கா," என்றார் வேன்காரர். "எங்கேயோ இருந்துக்கிட்டு எங்களை விசாரிக்கிறீங்களேக்கா. சொந்தக்காரங்ககூட இன்னும் ஒருத்தரும் கேட்கலை."

"பாப்பா எப்படி இருக்கா?"

"காலையில ஸ்கூல்ல வந்துடுச்சு. பிரேயர்ல நின்னுட்டு இருந்தவ அப்படியே விழுந்துட்டா. மண்டையில மூணு தையல். இப்போ முழிச்சுக்கிட்டா, பேசறா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்."

போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். "ரெண்டு வருஷம் நல்லா இருந்துட்டு மாத்திரையை மீறி வந்திருக்குன்னா, இந்த மாத்திரை இனிமே தாங்காதாம். அளவை ரெண்டு மடங்காக்கி, கூட இன்னொண்ணும் சேர்க்கணும்னு டாக்டர் சொல்றாரு. குறைக்கிற பேச்சே இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கிடையாதாம். நம்ம ராசி அவ்வளவுதான், என்ன பண்றது. தையல்கடை அக்கா ஏதோ மாத்திரை வேண்டாம்னு சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் புரியலை. இதைத்தான் சொன்னீங்களா?"

என் வீட்டுக்காரர் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆமான்னு சொல்லிட்டு வெச்சுடு," என்று கிசுகிசுத்தார். "குழந்தை பொழைச்சுக்கிச்சு. புது மருந்து குடுக்கத்தான் போறாங்க. நீ சொன்னா லைசென்ஸ் போயிடும், கடை போயிடும். அட்டையில பேர்கூட இல்லை, யாருக்கும் தெரியப்போறதில்லை."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் பயந்தவள்தான், பொய் சொல்லவில்லை, ஒரு கணம் அந்த 'ஆமாம்' என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த உறையைத் தூக்கிப் போட்டால் கதை முடிந்தது. ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் தினமும் இரண்டு மடங்கு மருந்து போகும். நாலே மாத்திரையில் என் ஆம்பளை நாலு நாள் மரக்கட்டையாகக் கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அவள் வகுப்பில் தூங்கி விழுவாள். அவள் நோய் முற்றிவிட்டது என்று வீடே நம்பும். அது என் கத்தரிக்கோல் செய்த வேலை என்று எனக்கு மட்டும் தெரியும். வேன்காரர் மாதாமாதம் வந்து, என் கையாலேயே அதை வாங்கிக்கொண்டு போவார்.

கையை உதறி விடுவித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட உடனே ஒண்ணு சொல்லுங்க. பாப்பாவோட மாத்திரை தோத்துப் போகலை. அவ அதைச் சாப்பிடவே இல்லை. சனிக்கிழமை அவசரத்துல உறையை மாத்திக் குடுத்துட்டேன். நான் குடுத்தது பஸ்ஸுல குமட்டாம இருக்கப் போடற மாத்திரை. தப்பு என்னோடது. பழைய மாத்திரையே போதுமான்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அவர்கிட்ட நானே பேசறேன், எங்கே வேணும்னாலும் எழுதிக் குடுக்கறேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். என் வம்சத்தையே இழுத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா," என்றார் வேன்காரர். "அவ சொன்னாக்கா."

"என்ன சொன்னா?"

"ஞாயித்துக்கிழமை வாயில போட்டதுமே துப்பிட்டா. இது கசக்குது, என் மாத்திரை இப்படி இருக்காது, இது என்னுது இல்லைன்னு அழுதா. குறைக்கப் போறாங்கன்னு கேட்டதும் மாத்திரை போடாம ஏமாத்தறான்னு நினைச்சேன். மறுநாளும் அதையேதான் சொன்னா. அடிச்சேன்க்கா. வாயைப் பிடிச்சுத் திறந்து, மூணு நாளும் நானே தண்ணி ஊத்தி முழுங்க வெச்சேன்."

அந்த ஆள் விக்கி விக்கி அழுதார். நான் செய்த தப்புக்கு அந்த மனுஷன் அழுகிறார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் டாக்டர்கிட்டப் போறேன். நீங்களே அவகிட்டச் சொல்லுங்க," என்றார். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி?" மருந்து வாடையடிக்கிற மாதிரி ஒரு தூங்கின குரல்.

"நீ சொன்னதுதான் சரிடா கண்ணு," என்றேன். "அது உன் மாத்திரை இல்லை. ஆன்ட்டிதான் மாத்திக் குடுத்துட்டேன். நீ பொய் சொல்லலை."

பாலத்தில் யாரோ என் பேரைச் சொல்லி போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். குழந்தையின் குரல் போனை விட்டு விலகியது. டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய அவள் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அப்பா, இனிமே நான் சொன்னா நம்புவியா?"