பைலில் சாகாதவள்

விடிவதற்குள் பெட்பேன்களைக் கழுவி, ரத்தம் தோய்ந்த விரிப்புகளை மூட்டை கட்டி, பக்கவாதக் கிழவரைப் புரட்டி முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தாகிவிட்டது. என் வார்டில் மூன்று நர்ஸுகள் செய்ய வேண்டிய வேலை. நான் ஒருத்தி. மற்ற இருவரும் ரெக்கார்டு ரூமில் பைல்களாக இருந்தார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். வேலையை விட்டாலும் திருப்பித் தருவதில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் அத்தனை பைலையும் அடுக்கிக் காட்டினால், நர்ஸுகளுக்குக் குறைவில்லை என்று லைசென்ஸைப் புதுப்பித்துவிடுவார்.

அன்று ஆய்வு. எங்கள் முதலாளியான பெரிய டாக்டர் என்னிடம் ஒரு பைலை நீட்டினார். போட்டோவில், நாங்கள் வாயாடி என்று கூப்பிட்ட நர்ஸ் சிரித்தாள். காய்ச்சலுக்கு லீவு கிடைக்காமல் வார்டிலேயே சுருண்டு விழுந்து செத்தவள். சர்டிபிகேட் கேட்டு வந்த அவள் அம்மாவை வாசலோடு விரட்டினார்கள்.

"இந்தப் பேரைக் கூப்பிட்டா, நான்தான்னு கை தூக்கு."

"அவ செத்துட்டா சார்."

"பைல்ல சாகலையே."

"போட்டோ?"

"மாஸ்க் போட்டுக்கோ. உன் ஒரிஜினலும் எங்கிட்டதான் இருக்கு, மறந்துடாத."

சொல்லிவிட்டுக் கைக்கு சானிடைசர் தடவிக்கொண்டார். நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன்.

அதிகாரி தலை நிமிராமல் பெயர்களை வாசித்தார். மாஸ்க் போட்டவர்கள் யார் யார் பெயருக்கோ கை தூக்கினார்கள். வாயாடியின் பெயர் வந்தது. சர்டிபிகேட் போனால் எனக்கு வேறெங்கும் பிழைப்பில்லை. ஆனாலும் கை எழும்பவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

"அவ இல்ல சார். இங்கதான் செத்தா."

பெரிய டாக்டர் சிரித்தார். "நைட் டியூட்டி பார்த்த பொண்ணு. தூக்கக் கலக்கத்துல உளறுது."

"நீங்க கூப்பிட்ட ஆள் நானும் இல்ல சார்," என்று பக்கத்தில் நின்றவள் மாஸ்க்கை இறக்கினாள். பிறகு அடுத்தவள். பைல்களை அடுக்கிய ரெக்கார்டு ரூம் அக்காவும் எழுந்தாள். "இல்லாதவங்க பைலை நானே தனியா எடுத்துத் தரேன் சார்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, பெரிய டாக்டரோடு காபி குடிக்க அவர் அறைக்குள் போனார். உள்ளே என்ன பேரம் நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள், பாதிப் பேர் வார்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் அந்த அறை வாசலை அடைத்து உட்கார்ந்தோம். முறை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

கதவைத் திறந்து பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் வேலையில்லையா?"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"இருக்கு சார்," என்றாள் அக்கா. "எங்க சர்டிபிகேட்டைக் குடுங்க, போய்ப் பாக்குறோம். வாயாடியோடதையும் எடுத்து வைங்க. அவ அம்மாவுக்குப் போன் பண்ணியாச்சு, கிளம்பிட்டாங்க."