நாலாவது ஸ்டியரிங்

மூன்றாவது ஸ்டியரிங்கும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்று போன் வந்தபோது, அவள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வயதான அம்மாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எத்தனையாவது ஃப்ரேம் என்று எண்ணுவதை எப்போதோ நிறுத்தியாயிற்று. ஒன்று மூக்கை அழுத்தியது, இன்னொன்று காதை இழுத்தது, வேறொன்று முகத்தையே குரங்காக்கியது.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்மா இருக்கு. இப்பல்லாம் எழுத்தைத்தான் சின்னதா அச்சடிக்கறாங்க" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாம்மா, அவங்க மேலதான் தப்பு. இதைப் போட்டுப் பாருங்க."

சிரித்த முகம் மாறாமல் அடுத்த ஃப்ரேமை எடுத்துக் கொடுத்தாள். கடையில் அவளுக்கு இருக்கும் பொறுமை கொஞ்சநஞ்சமல்ல. அது அண்ணன் விஷயத்தில் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, தெரியாது. போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

"இப்போ என்னண்ணா?"

"ரொம்பப் பட்டையா இருக்கு வாண்டு. கைக்குள்ள நிக்க மாட்டேங்குது."

"மெலிசா இருந்ததை வழுக்குதுன்னே. பட்டையா இருக்கறதை நிக்கலைன்றே. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணை நான்தான் பெத்துப் போடணும்!"

"கத்தாதே. வேற பாரு" என்று வைத்துவிட்டான்.

கத்தாமல் என்ன செய்வாள்? கார் இருவருக்கும் பொது. இரண்டே இருக்கை கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரேஸ் டிராக்கைத் தவிர வேறெங்கும் ஓட்டுவதில்லை. கம்பெனி கொடுத்த ஸ்டியரிங் லாரி ஸ்டியரிங் மாதிரி பெரிதாக இருக்கிறது, வளைவில் கை சுற்றிச் சுற்றி அலுக்கிறது என்று சொல்லி அதைக் கழற்ற வைத்ததே அண்ணன்தான். அந்த இடத்தில் ஒரு பூட்டு வைத்தார்கள். பின்னாலிருக்கும் வளையத்தை இழுத்தால் ஸ்டியரிங் கையோடு கழன்று வரும். தள்ளினால் 'டக்'கென்று உட்காரும். இனி நல்லதாக ஒரு ஸ்டியரிங் வாங்கி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் அவள் உயிரை வாங்கியது.

அடுத்த வாரம் நாலு மணி நேரப் போட்டி. ஒரு காருக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பாதி நேரம் ஓட்ட வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கும் இடமில்லை. போன வருடம் பெயர் கொடுத்த பிறகு இன்ஜின் காலை வாரியது. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கே காய்ச்சல். இந்த வருடம் எப்படியும் ஓட்டியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆள் மாற்றுவதற்கான கெடுவும் முடிந்துவிட்டது. அண்ணனும் அவளும்தான், வேறு வழியில்லை.

முதலில் வாங்கிய தோல் ஸ்டியரிங் அத்தனை அழகு. "வழுக்குது" என்றான். இரண்டாவது, அடிப்பக்கம் தட்டையாக வெட்டினாற்போல் இருப்பது. தொடைக்கு இடம் கிடைக்கும் என்று டிராக்கில் எல்லோரும் ஆசைப்பட்டு மாட்டுவது அதைத்தான்.

"அடியில சப்பையா இருக்கு. வேணாம்."

"கால்ல இடிக்கக் கூடாதுன்னுதானே அப்படிச் செய்யறாங்க!"

"இடிச்சா இடிச்சுட்டுப் போகுது. எனக்கு முழு வட்டம்தான் வேணும். அப்புறம், ஸ்டியரிங் தண்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு."

இறக்கினாள். அண்ணனுக்கு வயசாகிறது, கையை உயர்த்தி ஓட்ட முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது உதிரிபாகக் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க அண்ணன் ஸ்டியரிங் வாங்கறாரா, பொண்ணு பாக்கறாரா?"

"பொண்ணா இருந்தா இந்நேரம் அவளே வேணாம்னு சொல்லியிருப்பா. முழு வட்டமா, வழுக்காததா ஒண்ணு குடுங்க. இதுதான் கடைசி."

சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ஸ்வேட் தோல் சுற்றிய ஒன்றை அவர் எடுத்து வைத்தார். விரலால் தடவினால் தடம் விழும், எதிர்ப்பக்கம் தடவினால் மறையும். அவள் அதைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாள். சனிக்கிழமை அவள் கடையில் கூட்டம் என்பதால் அண்ணன் மட்டும் தனியாகக் காரைப் பயிற்சிக்குக் கொண்டுபோனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனின் சலூனுக்குப் போனாள். கார் நிற்கும் ஷெட் அதன் பின்பக்கம்தான். சலூனில் பெஞ்சு நிறைய ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் இருவரும் தலைக்கு மேல் வேலையோடு ஓடிக்கொண்டிருக்க, அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு கூட்டம் நிக்குது, நீ கத்திரியை எடுக்கலையா?"

"முதலாளின்னா உக்காரணும் வாண்டு."

துண்டு மடித்துக்கொண்டிருந்த அண்ணி சிரித்தாள். "உங்க அண்ணன் இப்போ பெரிய துரை. சோத்துக்கே ஸ்பூன் கேக்கறாரு."

"கொழுப்பு" என்றாள் அவள். "அது கிடக்கட்டும். ஸ்டியரிங் எப்படி இருந்துச்சு?"

அண்ணன் பேப்பரை மடித்தான். முகத்தைப் பார்க்காமல், "இதுவும் சரியா வரல" என்றான்.

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! சலூனில் ஆட்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு, "பின்னாடி வா" என்று மட்டும் சொன்னாள். ஷெட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

"உனக்கு என்னதான்டா வேணும்? நானும் நாய் மாதிரி கடைக்கும் இங்கேயும் அலையறேன். வழுக்குது, சப்பை, பட்டை! நீ நொட்டை சொல்லாத ஸ்டியரிங்கை இனிமேதான் எவனாவது கண்டுபிடிக்கணும். உனக்கு என்கூட ஓட்டப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லித் தொலையேன்!"

சின்ன வயதிலிருந்து அவள் 'டா' போட்டால் ஒரு கொட்டு வைப்பான். இப்போது கொட்டு விழவில்லை. ஓரத்தில் கிடந்த கால் உடைந்த சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன சரியா வரலைன்னு நானே பாக்கறேன்" என்று அவள் காருக்குள் ஏறினாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை நீட்டியவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

இடதுபக்கம் கை வைக்கும் இடத்தில் மென்மையெல்லாம் அமுங்கி, கையுறைச் சாயம் ஏறிக் கறுத்துப் பளபளத்தது. ஒரு நாள் முழுக்க இறுக்கிப் பிடித்த இடம் அப்படித்தான் இருக்கும். வலதுபக்கமோ கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. அவள் மாட்டும்போது விழுந்த விரல் தடம்கூடக் கலையவில்லை. ஸ்டியரிங்கின் அடியில், யாருடைய கையும் போகாத இடத்தில், ஒரு நீலத் தீற்றல் தெரிந்தது.

அண்ணனின் ரேஸ் உடுப்பு நீல நிறம்.

அவள் அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்தாள். கியர் மாற்ற இடது கை ஸ்டியரிங்கை விட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் வலது கையில்தான் இருக்க வேண்டும்.

"அண்ணா, கியர் போடும்போது ஸ்டியரிங்கை எதால பிடிச்சே?"

"கையாலதான். வேற எதால?"

வளையத்தை இழுத்து ஸ்டியரிங்கைக் கழற்றினாள். இறங்கி வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தா, வாங்கு."

இடது கையை நீட்டினான்.

"அந்தக் கை இல்லை. மத்தது."

"விளையாடாதே வாண்டு."

"வாங்குண்ணா."

வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மூடின. மற்றவை யாருக்கு வந்த விருந்தோ என்பதுபோல் அப்படியே நின்றன. அவள் விட்டாள். ஸ்டியரிங் தரையில் விழுந்து, டயர் அடுக்கு வரை உருண்டுபோய், சுழன்று சுழன்று படுத்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துலேருந்து. முதல்ல சுண்டுவிரல் மரத்துச்சு. அப்புறம் அடுத்தது. கத்திரி ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு. அதான் கல்லாவுல உக்காந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போட்டி முடியட்டும்னு இருந்தேன்."

"முழங்காலால பிடிச்சு ஓட்டியிருக்கே அண்ணா! அந்த வேகத்துல! ஏதாவது ஆகியிருந்தா அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா உன் பேரையும் எடுத்துடுவாங்க." குரல் உள்ளே போயிருந்தது. "மூணு வருஷமா நீ இதையே சொல்லிக்கிட்டிருக்கே. நல்ல ஸ்டியரிங்கா ஒண்ணு அமைஞ்சா எப்படியாவது ஒப்பேத்திடலாம்னு நெனச்சேன்."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. ஒரு மாதமாக அந்தக் கையை எதிரில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாளே! ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவள்! வந்த கோபமெல்லாம் இப்போது தன் மேலேயே திரும்பியது.

போனை எடுத்தாள். போட்டி நடத்துகிறவர் உடனே எடுத்துவிட்டார். அவர் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவள் மனசு மாறினாலும் மாறியிருக்கும்.

"எங்க காரை எடுத்துடுங்க சார். ஆமா, ரெண்டு பேரையும்தான். இல்ல சார், கார்ல ஒண்ணும் கோளாறில்லை." மேற்கொண்டு அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

"வாண்டு..."

"பேசாதே. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். இப்போ உள்ளே போய் அண்ணிகிட்ட நீயே சொல்றே. நான் சொல்ல மாட்டேன்."

அவள் குனிந்து ஸ்டியரிங்கை எடுத்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பட்டாவால் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இனி அந்தக் காரை அவளைக் கேட்காமல் யாரும் நகர்த்த முடியாது. அண்ணனுக்கும் அது புரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், கூப்பிட்டால் வராத அந்த விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல வாங்கினே பாரு, அந்தத் தோல் ஸ்டியரிங்" என்றான். "அதுவே ரொம்ப நல்லா இருந்துச்சு வாண்டு. எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."