இரண்டாம் சாட்சி

படைப்பிரிவில் அவரை எல்லோரும் கரண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது பேருக்குச் சமையல்காரர். போர் முடிந்து பத்து மாதம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. அதே பிரிவில் இறந்துபோன சிப்பாய் நெட்டைக்கு வீரப் பதக்கம் தரப்போகிறார்களாம். கூட இருந்தவர் என்பதால் இரண்டாம் சாட்சியாக இவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று உரித்த கிழங்கில் பாதி தோலோடு போயிற்று. மேற்பார்வைக்காரி சத்தம் போட்டது அவர் காதில் ஏறவில்லை.

பதக்கப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. சுவரை மறைத்துக்கொண்டு இரும்பு அலமாரிகள். மேசையில் காற்றுக்குப் பறக்காமலிருக்கத் தாள்கள் மேல் கட்டுக்கொரு கல். ஐம்பது வயது மதிக்கத்தக்க எழுத்தர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரை உட்காரச் சொன்னார். பேச்சுக்கு ஆள் கிடைக்காதவர் போல.

"இந்தப் பதக்கம் எப்படி வந்துச்சு தெரியுமாய்யா? அந்தக் காலத்துல பதக்கம்னா பெரிய அதிகாரிங்களுக்கு மட்டும்தான். செத்தவன் எல்லாம் சிப்பாய், பதக்கம் மாட்டிக்கிட்டவன் எல்லாம் அதிகாரி. அப்புறம்தான் சிப்பாய்க்கும் சேனாதிபதிக்கும் ஒரே பதக்கம்னு இத உண்டாக்கினாங்க. எதிரிகிட்ட பிடிச்ச பீரங்கிய உருக்கின வெண்கலம். தங்கம் கிடையாது. தங்கம்னா வித்துடுவாங்களாம்."

"ரெண்டு சாட்சி எதுக்கும்மா?"

"மொத வருஷமே மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் குடுத்துத் தீத்துட்டாங்க. அதான். ஒரு சாட்சி மேலதிகாரி, அவர் போட்டாச்சு. இன்னொருத்தர் கூட நின்ன ஆளா இருக்கணும். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

அவர் படித்தார். நெட்டை தன்னந்தனியாக எதிரியின் துப்பாக்கிக் குழியை நோக்கிப் பாய்ந்தாராம். மூன்று பேரைக் கொன்றாராம். எதிரியின் முன்னிலையில் காட்டிய ஈடிணையற்ற துணிச்சலாம். மறுபடியும் படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார்.

"என்னய்யா, எழுத்துப் பிழையா?"

"எதிரி முன்னால இல்லம்மா. அவரு முதுகுல இருந்தான்."

அம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

அவர் சொன்னார். இரண்டு படைக்கும் நடுவிலிருந்த முள்வேலியில் எதிரிச் சிப்பாய் ஒருவன் அடிபட்டு விழுந்து கிடந்தான். இரண்டு நாள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மொழி வேறு என்றாலும் அந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் போகக்கூடாது என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில், நெட்டை யாரிடமும் சொல்லாமல், துப்பாக்கியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்ததால் சமையல்காரரையும் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். பனிமூட்டம். ஆள் உயரத்துக்கு மேல் ஓர் உருவம், இரண்டு தலையோடு வந்தது.

"யாருன்னு ஒரு தரம் கேட்டேன். பதில் சொல்லியிருப்பாரு. முதுகுல இருந்தவன் முனகினதுல எனக்குக் கேக்கல. சுட்டுட்டேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க அதிகாரிக்கு இது தெரியுமா?"

"தெரியும். அவர்தான் இத எழுதினாரு. வாயத் தொறக்காத, எல்லாருக்கும் நல்லதுன்னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா. எனக்காகவும்தான் சொன்னாரு."

"இதோ பாருங்க. நீங்க சொன்னத எழுதிக் குடுத்தா பதக்கம் கிடையாது. உத்தரவ மீறிப் போயிருக்காரு, எதிரியக் காப்பாத்தப் போயிருக்காரு. இந்தப் பதக்கத்துல அதுக்கு இடமே இல்ல. போட்டுட்டுப் போயிடுங்களேன். அவரு பொண்டாட்டிக்காவது ஒரு மரியாதை மிஞ்சும்."

"அவரு யாரையும் கொல்லலம்மா. மூணு பேர எப்படி நான் அவரு தலையில கட்டுறது?"

அம்மாள் பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். தன்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று நினைத்தார். அதை எதிர்பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம்.

யாரும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. இரண்டாம் சாட்சியின் வாக்குமூலப்படி, தவறுதலாக நேர்ந்த மரணம்; விருதுப் பரிந்துரை நிராகரிக்கப்பட்டது; எவர் மீதும் மேல் நடவடிக்கை இல்லை. நகல் நெட்டையின் மனைவிக்கு.

அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தார். மறுநாளே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நெட்டையின் மனைவி தையல் கடையில் பொத்தான் கட்டுகிறவள். கதவைத் திறந்தபோது விரலில் ஊசி குத்தாமலிருக்கப் போடும் உறை இருந்தது. இவர் யார் என்று சொன்னதும் அதைக் கழற்றினாள்.

"நீங்கதானா" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

வாசற்படியில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் அவள் கேட்டாள்.

"உடனே போயிட்டாரா?"

"இல்லம்மா. கால் மணி நேரம் இருந்தாரு. என் மடியிலதான். 'அண்ணா, நீங்களா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'அவனப் பாருங்க'ன்னாரு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். தண்ணி குடுத்தேன். மத்தியானம் அவனும் போயிட்டான்."

அவள் எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர எடுத்துக்கிட்டீங்க. சரி, பனி, தெரியல. மிச்சம் இருந்த பேரையும் எதுக்கு எடுத்தீங்க? கடைக்குப் போனா, பதக்கக்காரர் பொண்டாட்டின்னு நாற்காலி போட்டாங்க. இப்ப யாரும் முகம் குடுத்துப் பேசுறதில்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். கேட்காமலே படியிலிருந்து இறங்கப் போனார்.

"உள்ள அத்தை இருக்காங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பார்வை சரியா இல்ல. கடிதாசிய நான் படிச்சுக் காட்டல. பதக்கம் வரும் வரும்னு உக்காந்திருக்காங்க. மவன் என்ன செஞ்சான்னு கூட நின்ன ஆளு வந்து சொல்லணுமாம். வந்துட்டீங்கள்ல. சொல்லுங்க. தாள்ல இருந்தத மட்டும்தான் சொல்லணும்."

"என்னால முடியாதும்மா."

"சுட முடிஞ்சுதுல்ல?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் நெட்டையின் தாய் உட்கார்ந்திருந்தாள். மகனைப் போலவே நீளமான உடம்பு. அவர் தரையில் அமர்ந்து, தாளில் படித்ததை ஒரு வரி விடாமல் சொன்னார். துப்பாக்கிக் குழி, தன்னந்தனியாக, மூன்று பேர். நாக்கு ஓரிடத்திலும் குழறவில்லை. அதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

கிழவி நெற்றியைச் சுருக்கினாள். "மூணு பேரா? கோழி அறுக்கச் சொன்னாக்கூட ஓடிடுவானே."

கதவோரம் நின்ற மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போர்னா மாறிடுவாங்க போல" என்று கிழவியே சொல்லிக்கொண்டாள். பிறகு, "கடைசியில பக்கத்துல யாராவது இருந்தாங்களாப்பா?"

"நான் இருந்தேம்மா."

அவள் கையை நீட்டித் தடவி, அவருடைய வலது கையைக் கண்டுபிடித்து, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நல்லா இருப்பா, நல்லா இருப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இழுத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளாக விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது நெட்டையின் மனைவி தெருமுனைவரை கூடவே நடந்தாள். பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கைகாட்டினாள்.

"அத்தை அடுத்த மாசமும் வரச் சொல்லிக் கேப்பாங்க" என்றாள். "வராதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் ரோட்டைக் கடந்து போய் நின்றார்.