பொடிக்கு ஒரு தனி நடை

டிரைவர் உடம்பில் ஒரு தடிப்பு கிடையாது, ஒரு சிரங்கு கிடையாது. ஆனாலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் பிய்த்து எடுக்கிற மாதிரி அரித்தன. ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அவர் மனைவி முதலில் சட்டைத் துணியைத்தான் மாற்றினாள். தையல்காரிக்குச் சந்தேகம் வேறு எதன்மேல் வரும்? பிறகு சோப்பு மாறியது. கடைசியில் டாக்டர், இது தோல் வியாதியே இல்லை, கல்லீரல் கெட்டுப் பித்தநீர் சரியாக வடியாததால் வரும் அரிப்பு என்றார். மாத்திரைகளும், தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடியும் கொடுத்தார். அரிப்பு அடங்கும்வரை பஸ் ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மூன்று வாரமாகியும் குறையவில்லை. விரல் பட்டாலே அரிப்பு கிளம்புகிறது என்று அவர் விலகி உட்கார்ந்தார். இருபது வருடம் கூட்டத்தை ஏற்றி ஓட்டிய மனுஷனுக்கு நான் ஒருத்தி பக்கத்தில் உட்காருவது பாரமாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே அவள் தையல் மெஷின் பக்கம் போனாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ், மருந்தை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். பொடியைக் கலக்கி, அந்தத் தண்ணீரிலேயே எல்லா மாத்திரையையும் விழுங்கிவிடுவதாக அவர் பெருமையாகச் சொன்னார்.

"ஒரே ட்ரிப்புல எல்லாரையும் ஏத்தி அனுப்பிடுவேன். வண்டிய எதுக்குக் காலியா ஓட்டணும்?"

நர்ஸ் தலையில் கை வைக்காத குறை. அந்தப் பொடி குடலில் இருக்கும் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும், கூடவே வரும் மாத்திரையையும் விடாது என்றாள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் பொடி. பொடிக்குப் பிறகு நாலு மணி நேரத்துக்கு வேறு மருந்து எதுவும் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, அலமாரிக் கதவில் நேரத்தை எழுதினாள்.

"இந்தாங்க, பொடி எக்ஸ்பிரஸ். வழியில யாரையும் ஏத்தக்கூடாது."

"கண்டக்டரம்மா விசில் அடிச்சாத்தான் எடுப்பேன்," என்றார் அவர்.

அன்றிலிருந்து வேளை தவறவில்லை. இன்னும் சில வாரம் போனது. அரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, ஆனால் அடங்கிவிட்டது. வேலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உடம்பு இளைத்திருந்ததால் காக்கிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவள் டேப்பை எடுத்து வந்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை விரலால் அழுத்திப் பிடித்து அளந்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அரிக்குதாங்க?"

"கொஞ்சம். பரவாயில்ல, நீ அளந்து முடி."

கையின் நீளம் இளைக்காது என்பது அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் மறுபடியும் தோளிலிருந்து ஆரம்பித்தாள்.