செல்லாத ஓட்டு

பேராசிரியர் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்ததும், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது. டம்ளர் பாதிதான் நிறைந்திருந்தது.

"ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றார் அவர். "நான் திணிச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

விஷயம் மகளுடையது. நில அளவைத் துறையில் அவளுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. மறுநாள் காலை சேர வேண்டும். ஆனால் அளவைச் சங்கிலியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஆண்களோடு வெட்டவெளியில் அலைகிற பெண் தங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். வேலையை விட்டால் அடுத்த மாதமே கல்யாணம். மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்போது மணி மூன்று.

வாக்காளர்கள் ஐந்து பேர். பேராசிரியர், அவர் மனைவி, தம்பி, மகன், மருமகள். மகளுக்கு ஓட்டு இல்லை. சம்பந்தப்பட்டவர் வாக்களித்தால் நடுநிலை கெட்டுவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதை இயற்றியவரும் அவரே. முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சபாநாயகர் என்று பெயர்.

"சபாநாயகர் மணியடிக்க மறந்துட்டாரு," என்று தம்பி முணுமுணுத்தார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தைக் கிழித்துச் சீட்டாக்கினாள். வேலையை விட்டுக் கல்யாணம் என்றால் 'சரி', இல்லையென்றால் 'வேண்டாம்' என்று எழுத வேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறார். வாக்குரிமையைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறார், துறைத்தலைவராகவும் ஆகிவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பை ஒரே கதையோடுதான் தொடங்குவார். "எங்க வீட்ல என் தங்கச்சி கல்யாணத்தையே ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணோம். எண்ணுனது நான். ஓட்டுக்காரங்க அஞ்சு பேரு, டப்பாவுல சீட்டு ஆறு. கள்ள ஓட்டுன்னா என்னன்னு நான் புத்தகத்துல படிக்கல." வகுப்பு கொல்லென்று சிரிக்கும்.

ஆறாவது சீட்டு யாருடையது என்பதை அவர் வகுப்பில் சொன்னதில்லை. தங்கைக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்தியாகிவிட்டது. எல்லோரும் சீட்டுப் போட்ட பிறகு, தண்ணீர் கொண்டுவருவதுபோல வந்து தன் சீட்டையும் போட்டுவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். 'வேண்டாம்' என்று பென்சிலில் எழுதியிருந்தாள். அவர் பிரித்தார், படித்தார், "செல்லாது" என்று தள்ளிவைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த ஆண்டு பிரசவத்தில் அவளும் போனாள், குழந்தையும் போயிற்று.

அந்தச் சீட்டை எறிய அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பாடநூலின் அட்டைக்குள் வைத்திருந்தார். அவருக்குக் கல்யாணமான சில மாதங்களில் அது காணாமல் போயிற்று. யாரையும் கேட்க முடியவில்லை. எடுக்க வேண்டியவள் வந்து எடுத்துக்கொண்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவர் குடியிருந்த எந்த வீட்டிலும் கதவு பாதி திறந்து நிற்கக் கூடாது. சுவரோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். காற்றுக்காக என்பார். வகுப்பிலும் பேச்சின் நடுவே போய்க் கதவைத் தள்ளி, அதன் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். மாணவர்கள் அவருக்குக் 'காத்து' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போது சமையலறைக் கதவு பாதி மூடியிருந்தது. கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"யாரது?" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார் அவர்.

"நான்தான்ப்பா. நிக்கிறதுக்குமா ஓட்டு வேணும்?" என்றாள் மகள்.

ஐந்து சீட்டுகளும் விழுந்தன. வழக்கம்போல அவரே டப்பாவைக் கவிழ்த்து, பிரிப்பதற்கு முன் ஒருமுறை எண்ணினார். பிறகு இன்னொரு முறை எண்ணினார். ஐந்துதான். மூச்சு விட்டார்.

முதல் சீட்டு 'சரி'. மகனுடையது. இரண்டாவதும் 'சரி'. தம்பியுடையது. மூன்றாவது சீட்டு வேறு காகிதம். மஞ்சளாகி, மடிப்பில் நைந்திருந்தது. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

அவர் கதவைப் பார்த்தார். மகள் வெளியே வந்து நின்றாள். "நான் எதையும் போடலப்பா. எனக்குச் சொல்லணும்னா வாயால சொல்லுவேன்."

"அது என் ஓட்டுங்க," என்றாள் மனைவி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே பேசினாள். வந்த புதிதில் புத்தகங்களைத் தூசி தட்டும்போது அந்தச் சீட்டு கிடைத்ததாம். தங்கள் கல்யாணத்தன்றே விருந்தாளிகளிடம் அவர் அந்த ஆறு சீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்திருந்ததால், படித்ததுமே யாருடையது என்று புரிந்துவிட்டதாம். தன் துணிகளுக்கு அடியில் இத்தனை வருஷமும் வைத்திருந்தாளாம்.

"அவளுக்கு உரிமை இல்லன்னு தள்ளுனீங்க. எனக்கு இருக்குல்ல? எண்ணுங்க. இப்பச் செல்லும்."

பேராசிரியர் அந்தச் சீட்டைக் கீழே வைக்கவுமில்லை, மடிக்கவுமில்லை. தம்பிதான் மெல்லக் கேட்டார், "மிச்சம் ரெண்டு இருக்கேண்ணே?" பேராசிரியரின் காது கதவுப் பக்கம் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் உள்ளே போய் வேலை உத்தரவை எடுத்து வந்து, அவர் எதிரிலேயே பைக்குள் வைத்தாள். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து முடியாது என்று சொன்னவளும் அவள் அம்மாதான்.

மறுநாள் காலை மகள் காலணி நாடாவை முடிந்துகொண்டு கிளம்பினாள். அவள் போய் வெகு நேரம் கழித்து, மேஜையைத் துடைக்க வந்த மருமகள் பிரிக்காமல் கிடந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்தாள். ஒன்று அவளுடையது. புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'சரி' என்று எழுதியது. அதை அடுப்பில் போட்டாள். மற்றதைப் பிரித்தாள். மாமனாரின் குறிப்பேடுகளிலும் கடிதங்களிலும் அவள் பார்த்துப் பழகிய, பின்பக்கம் சாய்ந்த அழகான எழுத்து. அதிலும் 'சரி' என்றுதான் இருந்தது. எண்ணியிருந்தால் நாலுக்கு ஒன்று.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "அந்தக் கதவைத் தள்ளிவிடும்மா."

"காத்து நல்லாத்தான் வருது மாமா," என்றாள் அவள். சீட்டை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கதவைத் தொடவில்லை.