எட்டு டிகிரி கோணல்

பதினேழாம் நம்பர் காற்றாலை மூன்று சதவீதம் கூடுதலாக மின்சாரம் தந்தது. எதிர்பார்த்ததுதான். பதினெட்டாம் நம்பரும் மூன்று சதவீதம் கூடுதலாகத் தந்தது. அதுதான் அந்தப் பெண் பொறியாளரின் தலையைச் சுற்ற வைத்தது.

ஒவ்வொரு காற்றாலையின் உச்சியிலும் ஒரு முழ நீளத்தில் காற்றின் திசைகாட்டி ஒன்று உண்டு. அது காட்டும் பக்கம் இயந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திசைகாட்டியைக் கோணலாகப் பொருத்திவிட்டால், காற்றை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இயந்திரம் சற்றே ஒருக்களித்து நிற்கும். பதினேழும் பதினெட்டும் எட்டு டிகிரி ஒருக்களித்து நிற்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். பதினேழை நிமிர்த்துவது, பதினெட்டை அப்படியே விட்டுவிடுவது, இரண்டையும் ஒப்பிடுவது என்று ஏற்பாடு. வித்தியாசம் தெரிந்தால் அங்கிருக்கும் நாற்பது காற்றாலைகளையும் சோதித்துத் திருத்தும் வேலை அவளுக்கு. தெரியாவிட்டால் மாதக் கடைசியோடு அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ரெண்டும் ஏறியிருக்கு. அப்ப ஏத்தினது நீங்க இல்லம்மா, காத்து" என்றார் மேலாளர்.

"காத்து கூடினா கரன்ட் கூடும் சார். நான் பாக்குறது, அதே காத்துல எவ்வளவு கரன்ட் வருதுன்னு."

"சரி, பதினெட்டு ஏன் ஏறுச்சு?"

அவள் கணக்குத் தாளை மறுபடி புரட்டினாள்.

"வெள்ளிக்கிழமை மீட்டிங்ல கம்பெனிப் பெரியவங்களும் இதைத்தான் கேப்பாங்க. யோசிச்சு வைங்க."

மூன்று நாள் யோசித்தாள். இரண்டின் கோப்புகளும் இடம் மாறியிருக்குமோ என்று பார்த்தாள், மாறவில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொய் சொல்கிறதோ என்று சோதித்தாள், சொல்லவில்லை. கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தாள். அதே மூன்று சதவீதம் வந்து பல்லிளித்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. புதன்கிழமை மாலை, தான் கண்டுபிடித்ததே பிரமையோ என்ற சந்தேகத்தோடு வீடு திரும்பினாள்.

அவள் குடியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். அக்கா கணவர் அதே காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவர். வேலையிடத்தில் அவருக்கு 'ஏணி' என்று பெயர். அங்கே அவளை 'மேடம்' என்பார். வீட்டுக்கு வந்தால் 'சின்னவளே' என்பார்.

"அத்தான் எங்கக்கா?"

"எதிர் வீட்டு நேம் போர்டு கோணலா இருக்காம். ரெண்டு நாளா மனுஷனுக்குத் தூக்கமில்ல. அவங்க வெளியூர் போனாங்களோ இல்லையோ, ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"அவங்ககிட்ட கேக்காமலா?"

"கேட்டுட்டுச் செய்யற ஆளா அது? கல்யாணத்தன்னைக்கே மேடையை விட்டு இறங்கிப் போய் போட்டோக்காரரோட ஸ்டாண்டை நிமித்திட்டு வந்தாரு. தாலி கட்டறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. விறுவிறுவென்று மாடியேறிக் கணினியைத் திறந்தாள்.

இத்தனை நாள் அவள் பார்த்தது வடிகட்டிய கணக்கு. இயந்திரம் நின்றுபோன நேரத்தையெல்லாம் தள்ளிவிடும்படி அவளே எழுதி வைத்திருந்தாள். இப்போது வடிகட்டாமல் பார்த்தாள். பதினேழைத் திருத்திய அதே நாள், அதே பிற்பகல், பதினெட்டும் நாற்பது நிமிடம் நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த மூன்று சதவீதம்.

கீழே வந்தபோது அத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், பதினெட்டுல ஏறினீங்களா?"

"ஏறினோமே. பதினேழை முடிச்சு இறங்கினோம். பக்கத்துல பாத்தா, கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி அது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது. பொழுதும் இருந்துச்சு, ஸ்பேனரும் கையில இருந்துச்சு. ரெண்டும் எட்டு எட்டுன்னு நீதானே சாப்பிடும்போது சொன்னே?"

"அதைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே!"

"யார்கிட்ட சொன்னே? எங்களுக்கு வந்த வேலைச் சீட்டுல பதினேழைத் திருப்பணும்னு இருந்துச்சு. பதினெட்டைத் தொடாதேன்னு எங்க இருந்துச்சு?"

அவள் நினைத்துப் பார்த்தாள். மேலாளரிடம் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு பக்கத் திட்டத்தில் இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள். மேலே ஏறுகிறவர்களின் சீட்டில் மட்டும் எழுதவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் அத்தான். "ரெண்டும் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது."

"அப்புறம் உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பதினெட்டு பழையபடி கோணலா நின்னாதான் அத்தான், பதினேழை நிமித்தினதுல லாபம்னு காட்ட முடியும்."

"அதாவது, அடுத்த வீட்டுக்காரன் அழுதாதான் நாம சிரிக்கறோம்னு தெரியும்."

"இவ படிச்ச படிப்பு அப்படி" என்றாள் அக்கா.

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஏறி சத்தமில்லாம பழையபடி திருப்பிடட்டுமா? ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அவள் மனம் ஒரு கணம் ஊசலாடியது. சீட்டு இல்லாமல் இயந்திரத்தைத் தொட்டவர் ஒரு மாதம் மேலே ஏறக்கூடாது என்பது விதி. தரையில் நிற்கச் சொல்வது இவருக்கு மீனைக் கரையில் போடுகிற மாதிரி. ஆனால் காரணம் சொல்லாமல் ஏறி, காரணம் சொல்லாமல் இறங்கும் அந்த மூன்று சதவீதத்தை யார் நம்புவார்கள்?

"யாருக்கும் தெரியாம ஏறினதாலதான் இந்தக் கூத்து" என்றாள்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அப்ப எழுது. நான்தான் ஏறினேன்னே எழுது."

வியாழக்கிழமை காலை மேலாளர் அவள் நீட்டிய வேலைச் சீட்டை இரண்டு முறை படித்தார். பதினெட்டாம் நம்பர் திசைகாட்டியை எட்டு டிகிரி கோணலாக வைக்கவும் என்று இருந்தது.

"சரியா வைக்கவும்னு இருக்கணுமோ?"

"இல்ல சார். கோணலாத்தான்."

"நல்லா ஓடுற மெஷினைக் கெடுக்க நான் கையெழுத்துப் போடணும்?"

"ஆமா சார்."

"கெடுத்தா உற்பத்தி குறையும்."

"குறையணும் சார். குறைஞ்சா, நாம ஜெயிச்ச மாதிரி."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். எழுத்து மாறவில்லை. "சீட்டு இல்லாம தொட்டது யாரு?"

"ஏணி. ஆனா தொடக்கூடாதுன்னு சீட்டுல எழுதாதது நான். ரெண்டையும் எழுதி இணைச்சிருக்கேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். கூட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. இந்த ஒரு முறை ஏணி ஏறலாம். அதன்பின் ஒரு மாதம் தரைதான்.

அன்று பிற்பகல் பதினெட்டை நிறுத்திவிட்டு அவளும் ஏணியும் ஏறினார்கள். உச்சித் திறப்பு வழியாகத் தலையை நீட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. இடுப்புக் கொக்கியை மாட்டிய பிறகு ஏணி ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே திருப்புங்க மேடம். என் கை வராது."

அவள் மரையைத் தளர்த்தி, அளவு பார்த்துத் திருப்பி, மறுபடி இறுக்கினாள். அவர் அதுவரை எதிர்ப்பக்க வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்து இயந்திரத்தை ஓடவிட்டதும் அந்தப் பெரிய தலை மெல்லத் திரும்பி, காற்றிலிருந்து விலகி, 'இதுதான் நேர்' என்ற நம்பிக்கையோடு நின்றது. அவள் பதினேழைப் பார்த்தாள், பதினெட்டைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன.

"உங்களுக்கு நிஜமாவே தெரியுதா அத்தான்?"

"பல்லுல கல்லு மாட்டின மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை நோக்கி நடந்தார்.

பத்தாம் நாள் பதினெட்டின் கணக்கு மூன்று சதவீதம் இறங்கியிருந்தது. பதினேழு இறங்கவில்லை. அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்திய கத்தலில் கன்ட்ரோல் ரூமே திரும்பிப் பார்த்தது. உற்பத்தி விழுந்ததற்கு ஒருத்தி குதிப்பதை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை. மேலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"குறைஞ்சிடுச்சாமே. நான் இப்ப உங்களுக்கு வாழ்த்துச் சொல்லணுமா, வருத்தம் சொல்லணுமா?"

"வாழ்த்து சார்."

"சரி, வாழ்த்துக்கள்" என்றார், அவளைச் சற்றே கவலையோடு பார்த்தபடி. "நாப்பதையும் நிமித்தறதுக்கு ஆள் வேணுமே. ஏணி எப்ப தரையை விட்டு ஏறலாம்னு பாத்துச் சொல்லுங்க."