ஒப்புக் கூட்டத்து ஞாயிறு

ஒப்புக் கூட்டத்தன்று விடிந்ததிலிருந்தே என் வாயில் ஒரே சொல்தான். ஒப்பு இல்லை. பால் கறக்கும்போது சொல்லிப் பார்த்தேன். மகள் டீனாவுக்குத் தலை பின்னும்போதும் முணுமுணுத்தேன் போல. "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஆடாம இரு" என்றேன்.

இராப்போஜனத்துக்கு இரண்டு வாரம் முன்னால் காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரைவண்டியிலேயே போகும் எங்கள் கிறிஸ்தவ சபையில் இந்தக் கூட்டம் நடக்கும். மூப்பர் தோபியாஸ் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். தொப்பி விளிம்பு எத்தனை அங்குலம் என்று ஆரம்பித்து, பின்னால் வருபவர்கள் கண்ணில் படுவதற்காக வண்டியில் அரசாங்கம் ஒட்டச் சொல்லும் ஆரஞ்சு முக்கோணம் பகட்டு, கூடவே கூடாது என்பது வரைக்கும். பிறகு ஒவ்வொருவரிடமும் வந்து ஒப்பா என்று கேட்பார்கள். ஒருவர் இல்லை என்றாலும் யாருக்கும் இராப்போஜனத்து அப்பமும் கிடையாது, திராட்சை ரசமும் கிடையாது. முதலில் அந்த ஆளைச் சரிப்படுத்தியாக வேண்டும். படியாவிட்டால் விலக்கி வைப்பார்கள்.

போன அக்டோபரில் என் மகன் லேவி போனான். ஐந்து வயது. சாயங்காலத் தூறல், ஓடைப் பாலத்து மேடு. வண்டி கறுப்பு, குதிரை கறுப்பு, நனைந்த தார்ச்சாலையும் கறுப்பு. பின்னால் வந்து மோதிய லாரிக்காரன் என் சமையலறையில் உட்கார்ந்து, "எதுவுமே தெரியலம்மா" என்று தேம்பினான். அவனை மன்னித்தோம். காபியும் போட்டுக் கொடுத்தேன். எங்களைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை. லேவி உட்கார்ந்த பின்பலகையில் இப்போது டீனா உட்காருகிறாள்.

அன்று வண்டி ஓட்டியது என் கணவன் ஈனோஸ். ஜனவரியில் முக்கோணம் ஒட்டாத குற்றத்துக்கு நீதிபதி முன்னால் நின்றான். "இனிமே ஒட்டுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வீட்டுக்குப் போங்க" என்று அந்த மனிதர் கெஞ்சாத குறை. "ஒட்ட மாட்டேன். ஒட்டுறேன்னு சொன்னா அது பொய்" என்றான் இவன். பதிமூன்று நாள் உள்ளே வைத்தார்கள். கென்டக்கிச் சிறையில் உடுத்தக் கொடுத்தது ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுக் கால்சட்டை. வண்டியில் ஒரு சாண் துண்டு ஆகாது என்றவனைக் கழுத்திலிருந்து கால்வரை அதிலேயே சுற்றி உட்காரவைத்தார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. டீனா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டேன். "முக்கோணம் வேண்டாம். பின்னால இன்னொரு லாந்தராவது மாட்டு."

"ஒண்ணுதான்னு கட்டுப்பாடு, சலோமா. காப்பாத்துறது கர்த்தர்."

"லேவியையா?"

குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

இதில் இன்னொரு கொடுமை, எங்கள் சபையின் உதவிக்காரன் ஈனோஸ்தான். ஏழு வருஷம் முன்னால் அந்தப் பொறுப்புக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவன் பெயர் வந்தது. பெண்கள் வரிசையில் குனிந்து குனிந்து ஒப்புக் கேட்பது அவன் வேலை.

கூட்டத்தில், பெஞ்சில் என் பக்கத்தில் அவன் தங்கை மலிண்டா. "மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கே? புளிச்ச பாலைக் குடிச்ச மாதிரி" என்று கிசுகிசுத்தாள்.

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"ஏடாகூடமா எதுவும் சொல்லித் தொலைக்காதே. உன் ஒருத்திக்காக சபையே பட்டினி கிடக்கணுமா?"

"ஒரு தடவை கிடந்தா நீ ஒண்ணும் செத்துட மாட்டே. என் பிள்ளை செத்தான்."

மலிண்டா அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. ஈனோஸ் வரிசையாக வந்தான். என் முன்னால் குனிந்தான். தாடியில் சவர்க்கார வாசம்.

"சலோமா, ஒப்பா?"

"ஒப்பு இல்லை."

அவன் நகரவில்லை. "என்ன சொன்னே?"

"உனக்குக் கேட்டுச்சு."

பிறகு நிமிர்ந்து மலிண்டாவிடம் போனான். வரிசை முடிந்ததும் மூப்பர் முன்னால் நின்று சொன்னான்: "பெண்கள் பக்கம், எல்லாரும் ஒப்பு."

வீட்டுக்கு வருவதற்காகக்கூடப் பொய் சொல்லாத மனிதன், கர்த்தரின் சபையில் எனக்காகச் சொல்லிவிட்டான். நான் எழுந்தால் அவன் தொலைந்தான். எழாவிட்டால் கட்டுப்பாடு அப்படியே நிற்கும். கோழை நான், உட்கார்ந்தே இருந்தேன். தோபியாஸ் முகம் மலர்ந்து கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். மார்ச் மாதத்துப் பனிமூட்டம், கூடவே தூறல். பாதி தூரம் வந்திருப்போம்.

"உன்னை விலக்கி வெச்சிருப்பாங்க. ஒரே மேசையில உன்கூடச் சாப்பிட முடியாம நான் எப்படி இருப்பேன்?" என்றான் ஈனோஸ்.

"நான் தனி மேசையில சாப்பிட்டிருப்பேன். டீனாவாவது உசிரோட இருப்பா."

பாலத்து மேடு வந்தது.

"வண்டியை நிறுத்து" என்றேன்.

இறங்கிப் பின்னால் போய், டீனா உடுப்புக்கு மேல் கட்டியிருந்த வெள்ளை ஏப்ரனை அவிழ்த்தேன். குளிருது என்றாள். என் சால்வையைப் போர்த்திவிட்டேன். வந்த வழியே நாற்பது தப்படி திரும்பி நடந்து, சாலை விளிம்பில் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

"என்ன பண்றே நீ?" என்று கத்தினான்.

"பொம்பளை வண்டிக்குப் பின்னால நடக்கக் கூடாதுன்னு தோபியாஸ் சொல்லல. நீ ஓட்டு."

குதிரை நடக்க ஆரம்பித்தது. நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன். முதல் கார் மூட்டத்திலிருந்து பாய்ந்து வந்தது. துணியைத் தூக்கினேன். டயர் கிறீச்சிட, ஒரு கை தூரத்தில் ஒதுங்கிப் போனது. கார்க்காரன் பைத்தியமா என்று ஏசிக்கொண்டே போனான். திட்டினால் என்ன, என்னைப் பார்த்துவிட்டான். அது போதும்.

இன்னும் இரண்டு மைல் இருந்தது. நனைந்த துணி கனத்தது, தோள் இறங்கியது. லேவியின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தூக்கினேன். மேட்டின் பாதியில் வண்டி நின்றது. ஈனோஸ் இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தான். லேவியைப் புதைத்த அன்றுகூட அழாதவன், இப்போது முகமெல்லாம் நனைந்து நின்றான்.

"ஏறிக்கோ சலோமா. உன்னையும் இழக்க என்னால..."

அவன் தோளுக்குப் பின்னால் வண்டியின் திரையை விலக்கி டீனா எட்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஒரு லாரியின் இரைச்சல் கேட்டது.

"போ, ஈனோஸ். போய்க் குதிரையைப் பிடி" என்றேன். "அடுத்தது வருது."